சோப்புக்கு ஒரு கட்சி, டீக்கு ஒரு மதமா?

ஊரை விட்டு ரயிலேறி வந்த நம் மக்கள் மூன்றைத் தவறாமல் கொண்டு வருகிறார்கள். ஒன்று குலதெய்வத்தின் படம். இரண்டாவது கட்சிப் பற்று. மூன்றாவது, ஊரில் அம்மா வாங்கிய சோப்பின் பெயர். முதல் இரண்டைப் பற்றி இந்தப் பக்கங்களில் நிறைய வாதாடியிருக்கிறோம். மூன்றாவதை யாரும் தொடுவதில்லை. கடைக்காரர் வேறு சோப்பை எடுத்து வைத்தால், "எங்க வீட்டுல அது வாங்கறதில்லே" என்று பதில் வருகிறது. விலை அதிகம் என்றோ சரக்கு மோசம் என்றோ யாரும் சொல்வதில்லை. அவர்கள் சாதி வேறு, எங்கள் சாதி வேறு என்பது போன்ற பேச்சு அது!

தோழர்களே, இது சின்ன விஷயம் என்று தள்ளிவிட வேண்டாம். மாதச் சம்பளத்தில் ஊருக்கு அனுப்பியது போக மிச்சமிருக்கும் காசு எங்கே போகிறது என்ற கேள்வி இது. அதைவிட முக்கியம், நம் மூளை எந்த வழியில் பழக்கப்படுகிறது என்ற கேள்வி.

மதம் ஒரு மனிதனை எப்படிப் பிடிக்கிறது? பிறந்த வீட்டிலிருந்து வருகிறது. அதற்கு ஒரு சின்னம், ஒரு நிறம், ஒரு பாட்டு உண்டு. விட்டு விலகினால் உறவுக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். கட்சியும் அப்படித்தான், தாத்தா போட்ட சின்னத்துக்கே பேரனும் போடுகிறான். கம்பெனிக்காரன் இதையெல்லாம் நன்றாகப் படித்திருக்கிறான். அவனுக்கும் சின்னம் இருக்கிறது, நிறம் இருக்கிறது, வானொலிக் காலத்திலிருந்து பாட்டு இருக்கிறது. சினிமா நட்சத்திரத்தையே பூசாரியாக வைத்துக்கொண்டான். 1941-இல் லீலா சிட்னிஸ் லக்ஸ் சோப்பு விளம்பரத்தில் வந்ததிலிருந்து இந்தப் பூசை இன்றுவரை நிற்கவில்லை.

பக்தி கொள்வது அவரவர் விருப்பம். கடவுளை நம்புகிறவர் நம்பட்டும், நாம் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் கோயிலென்றால் தர்மகர்த்தாவைக் கணக்குக் கேட்கலாம். கட்சியென்றால் மாநாட்டில் எழுந்து நின்று சண்டை போடலாம், அடுத்த தேர்தலில் தோற்கடிக்கலாம். கம்பெனியிடம் நமக்கு இருக்கும் உரிமை என்ன? நம்முடைய பற்று அதன் கணக்கில் ஒரு சொத்து. அந்தச் சொத்தை நம்மைக் கேட்காமலே விற்கிறார்கள்.

ஹமாம் சோப்பை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் அதற்குள்ள மரியாதை வேறு எந்தச் சோப்புக்கும் கிடைத்ததா என்பது சந்தேகம். அது டாட்டா ஆயில் மில்ஸ் கம்பெனியின் சரக்காக இருந்தது. "டாட்டா நம்ம நாட்டுக் கம்பெனி" என்று சொல்லி வாங்கியவர்கள் உண்டு. 1993-இல் அந்தக் கம்பெனியை ஹிந்துஸ்தான் லீவரோடு இணைக்க ஏற்பாடாயிற்று. லீவர் தொழிலாளர் சங்கம் எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 1994-இல் நீதிமன்றம் இணைப்பு செல்லும் என்று தீர்ப்பளித்தது. சோப்பு அதே பெயரில் வந்தது, எசமான் மாறிவிட்டான். வழக்காடியது சங்கம். தலைமுறையாகக் குளித்த பக்தர்களில் எத்தனை பேருக்குச் சேதி தெரிந்தது?

டீக்கும் இதே கதை. த்ரீ ரோசஸ் குடிப்பவர் லிப்டனைத் தொடமாட்டார். லிப்டன்காரர் மற்றதை டீ என்றே ஒப்புக்கொள்ளமாட்டார். த்ரீ ரோசஸ் புரூக் பாண்டு கம்பெனியின் மார்க். புரூக் பாண்டும் லிப்டனும் 1993-இல் ஒரே கம்பெனியாயின. 1996-இல் அதுவும் ஹிந்துஸ்தான் லீவருக்குள் அடங்கியது. ஆக, டீக்காக வாக்குவாதம் செய்த இரண்டு வீட்டுக் காசும், ஹமாம் போட்டுக் குளித்த மூன்றாவது வீட்டுக் காசும் ஒரே கல்லாவில் விழுந்தன. கோஷ்டி நம்முடையது, கல்லா அவனுடையது!

குளிர்பானத்தில் இந்த நாடகம் இன்னும் வெளிப்படையாக நடந்தது. 1974-இல் நம் ரயில்வே வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் பெர்னாண்டஸ் 1977-இல் ஜனதா ஆட்சியில் தொழில்துறை அமைச்சரானார். அன்னியச் செலாவணிச் சட்டப்படி பங்கைக் குறைத்துக்கொள், தயாரிக்கும் முறையையும் இந்தியரிடம் கொடு என்றது அரசு. கோகோ கோலா மறுத்து வெளியேறியது. அந்த இடத்தை நிரப்ப அரசே ஒரு பானம் விட்டது. பெயர் டபுள் செவன்! ஆட்சிக்கு வந்த ஆண்டையே பாட்டிலில் அடைத்துக் கொடுத்தார்கள். ஆட்சி போயிற்று, பானமும் காணாமல் போயிற்று. அதே 1977-இல் பார்லே கம்பெனி தம்ஸ் அப் விட்டது. அன்னியனை விரட்டிய இடத்தில் நம்முடைய பானம் என்று பெருமையோடு குடித்தார்கள். 1993-இல் கோகோ கோலா திரும்பி வந்து தம்ஸ் அப் மார்க்கையே விலைக்கு வாங்கிவிட்டது. இன்று சுதேசிப் பெருமையோடு யாராவது அந்தப் பாட்டிலைத் திறந்தால், லாபம் போவது அன்று வெளியேற்றப்பட்ட அதே கம்பெனிக்குத்தான்.

"அப்படியானால் சுதேசி இயக்கமும் இந்த ரகம்தானா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1906-இல் வ.உ.சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கியபோது ஒரு பங்கு 25 ரூபாய். வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி கட்டணத்தை இறக்கிப் போட்டிபோட்டது. ஆனாலும் நம்மவர்கள் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள். அது கண்மூடிய பற்றா? எதற்காக ஏறுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். கப்பல் யாருடையது என்பதும் தெரியும். அதே வ.உ.சி. 1908-இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்றார். நோக்கம் இருந்தது, அமைப்பு இருந்தது, கேள்வி கேட்க ஆளும் இருந்தது. இவை மூன்றும் இல்லாத பற்றைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

இனி செலவுக் கணக்குக்கு வருவோம். ரயில்வேயில் சரக்கு புக் செய்யும் மேசையில் உட்காருகிற நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு உண்மை பழக்கமானது. ரசீதில் சரக்கு என்ன வகை, எடை எவ்வளவு, தூரம் எவ்வளவு என்று பார்த்துக் கட்டணம் போடுகிறோம். பேர்போன கம்பெனியின் சோப்புப் பெட்டிக்கும் பேர் தெரியாத கம்பெனியின் சோப்புப் பெட்டிக்கும் தராசு ஒன்றுதான். வீட்டிலும் அந்தத் தராசு வேண்டும்.

சோப்பு உறையில் டி.எஃப்.எம். என்று மூன்று எழுத்தும் ஒரு சதவீதமும் அச்சிட்டிருப்பார்கள். மொத்தக் கொழுப்புச் சத்து என்று பொருள். இந்தியத் தர நிர்ணயப்படி டாய்லெட் சோப்பில் 76 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் முதல் தரம், 70 இருந்தால் இரண்டாம் தரம், 60 இருந்தால் மூன்றாம் தரம். 'பேத்திங் பார்' என்று போட்டிருந்தால் அது வேறு இனம், அதற்குத் தனி விதி. பத்து நொடியில் படித்துவிடலாம். நடிகையின் முகத்தைப் பார்க்கும் கண் அந்த எண்ணைப் பார்க்கட்டும். பிறகு கட்டியின் விலையை அதன் எடையால் வகுத்துப் பாருங்கள். விலை ஏறாமலே கட்டி இளைத்துப்போகும் வித்தையும் அப்போது தெரியும்.

மருந்தில் இது உயிர்ப் பிரச்சினை. குரோசின், கால்பால், டோலோ என்று பெயர்கள் பல. உள்ளே இருப்பது பாரசிட்டமால் என்ற ஒரே மருந்து. பெயர் வேறு என்பதால் இரண்டு மாத்திரையையும் சேர்த்துப் போட்டுக்கொண்டால் அளவு மிஞ்சி ஈரல் கெடும். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். மூலப்பெயர் மருந்தைக் குறைந்த விலைக்குத் தரும் ஜன் ஔஷதிக் கடைகளை மத்திய அரசு 2008-இல் தொடங்கியது. ஆனாலும் "விலை மலிவு, அதனால் வேலை செய்யாது" என்ற பயம் போகவில்லை. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம், டாக்டர்கள் மூலப்பெயரில்தான் சீட்டு எழுத வேண்டும் என்று விதி போட்டது. டாக்டர்களின் சங்கங்கள் எதிர்த்தன. அந்த மாதம் முடிவதற்குள்ளேயே விதி நிறுத்தி வைக்கப்பட்டது. நாமாக மாத்திரையை மாற்ற வேண்டாம். டாக்டரிடம் துணிந்து கேட்போம்: "அய்யா, இதன் மூலப்பெயர் என்ன? அந்தப் பெயரில் வாங்கினால் எனக்கு ஆகுமா?" கேட்பதற்குக் காசு செலவில்லை.

போலிச் சரக்கு மலிந்த ஊரில் பேர்போன கம்பெனிதானே பாதுகாப்பு என்று சிலர் சொல்வார்கள். அதிலும் ஒரு பங்கு உண்மை உண்டு. குழந்தையின் பால்பவுடரையும் சமையல் எண்ணெயையும் முகவரியில்லாத பாக்கெட்டில் வாங்கச் சொல்ல நாம் பைத்தியக்காரர்கள் இல்லை. சோதித்துப் பார்த்து வைக்கும் நம்பிக்கை நல்லது. நம்பிக்கை எது, பக்தி எது என்று பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: "என்ன நடந்தால் இதை விட்டுவிடுவாய்?" விலை ஏறினால், எடை குறைந்தால், தரம் கெட்டால் விடுவேன் என்று பதில் வந்தால் அது நம்பிக்கை. எது நடந்தாலும் விடமாட்டேன் என்றால் அது பக்தி. அந்தப் பக்திக்குத்தான் கம்பெனி வலை போடுகிறது.

இந்தப் பக்தி தொழிலாளியையே மறக்கடிக்கிறது, அதுதான் நமக்குப் பெரிய வேதனை. ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 37 நாள்! குளிர்பெட்டியும் டி.வி.யும் துணி துவைக்கும் இயந்திரமும் செய்கிற கைகள் அவை. சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. நிர்வாகம் சொன்ன ஆட்சேபங்களில் ஒன்றைக் கவனியுங்கள்: சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் வரக்கூடாதாம்! வாங்குகிறவன் அந்தப் பெயரைத் தன் பெருமையாகச் சுமக்கலாம். செய்கிறவன் அதைத் தன் சங்கப் பலகையில் எழுதக்கூடாதா? 2025 ஜனவரியில் சங்கம் அந்தப் பெயரோடுதான் பதிவாயிற்று. அது தொழிலாளி வென்ற பெயர். "நான் இந்தக் கம்பெனி ஆள்" என்று மார்தட்டி, தவணை கட்டி முடியாத பொருளுக்காக நண்பனோடு வாதாடும் இளைஞர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாக நம் வீட்டுக் குப்பையையும் பேசியாக வேண்டும். சோப்பை மதமாக்கிய மனம் கட்சியையும் சங்கத்தையும் சோப்பாக்கிவிடுகிறது. 1951-52 முதல் பொதுத் தேர்தலில், எழுதப் படிக்கத் தெரியாதவரும் வாக்களிக்க வேண்டும் என்று சின்னம் கொடுத்தார்கள். இன்று எழுதப் படிக்கத் தெரிந்தவர் கண்ணையும் அந்தச் சின்னமே மறைக்கிறது. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டங்களின் பெண்கள், பெரும்பாலும் நம் தமிழ்ப் பெண்கள், 20 சதவீத போனஸ் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். எல்லாக் கட்சித் தொழிற்சங்கத் தலைவர்களையும் கிட்டே வராதே என்றார்கள். கொடியின் நிறத்தைப் பார்க்காமல், எங்களுக்கு என்ன செய்தாய் என்று கேட்டார்கள். போனஸும் கருணைத் தொகையுமாகச் சேர்த்து 20 சதவீதத்தை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். சங்க வேலை செய்கிற நமக்கு அது கசக்கும். கசந்தாலும் அதுதான் மருந்து. சந்தா வசூலிக்கும் எந்தச் சங்கமும், இந்தச் சங்கம் உட்பட, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே தீர வேண்டும்.

ஆகவே தோழர்களே, தாய்மார்களே! அடுத்த மாத மளிகைச் சீட்டு எழுதும்போது பெயரை எழுதாமல் பொருளை எழுதுங்கள். எடையையும் விலையையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சாலில் பத்துக் குடும்பம் சேர்ந்து மொத்தமாக வாங்கிப் பாருங்கள், கடைக்காரர் மரியாதை தானே கூடும். பிள்ளைகளுக்கு உறையின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள். சங்கக் கூட்டத்துக்கு வந்து வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். நம் விசுவாசம் நம்மிடம் கணக்குக் காட்டுகிறவருக்கு மட்டுமே உரியது. கணக்குக் காட்டாதவனுக்குப் பொருளின் விலையைக் கொடுத்தால் போதும், மனதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.