ஆப்பு வைக்க வேண்டிய இடம்

திருவனந்தபுரத்தில் மோட்டார் மோகத்தை அரண்மனையே ஆரம்பித்துவைத்தது எனலாம். 1938 பிப்ரவரியில் மகாராஜா சித்திரைத் திருநாள் அரசு பஸ் போக்குவரத்தைத் தொடங்கிவைத்தார். சேஸிஸ் இங்கிலாந்திலிருந்து வந்தது. அதன் மேல் கூடு கட்டியவர்கள் உள்ளூர்த் தொழிலாளிகள். அந்த பஸ்களில்தான் அன்றைய திருவிதாங்கூர்த் தமிழர்கள் நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் போய்வந்தார்கள். வெள்ளைக்காரன் கொடுத்த எலும்புக்கூட்டுக்கு நாமே சதை வைத்துக்கொள்ளலாம் என்ற தைரியம் இந்த ஊர்ப் பட்டறைகளுக்கு அன்றைக்கே வந்துவிட்டது.

இப்போது எலும்பிலேயே கை வைக்க ஆசை. பழைய டிரக்கையோ பிக்கப்பையோ தேடிப் பிடித்து, பெயின்ட் அடித்து, அமெரிக்கப் படங்களில் வருவதுபோலத் தரையோடு தரையாகத் தாழ்த்திவிட வேண்டும். மலைப் பக்கத்தில் ஜீப்பை உயர்த்துகிற பைத்தியத்துக்கு இது நேர் எதிர்ப் பைத்தியம். இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான்.

சட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுவது நல்லது. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது கேரளத்திலிருந்து போன மேல்முறையீடு. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் வந்த ‘வின்டேஜ்’ பதிவும் பழைய உருவம் மாறாமல் இருந்தால்தான் கிடைக்கும். ஆகவே பலர் தாழ்த்திய வண்டியைத் திரும்ப உயர்த்த வேண்டியிருக்கிறது. இரண்டு தடவையும் அவர்கள் மறப்பது ஒரே பொருளை: அடியில் சுழலும் புரொப்பல்லர் ஷாஃப்ட்.

வண்டி பார்க்க அழகாக நிற்கும். அறுபதைத் தொட்டதும் இருக்கைக்கு அடியில் ஒரு நடுக்கம். சக்கரத்தை பாலன்ஸ் செய்வார்கள். ஷாஃப்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்புவார்கள். கிராஸ் மாற்றுவார்கள். நடுக்கம் போகாது. ஷாஃப்ட் ஒரு பாவமும் அறியாது. தவறு அது நிற்கும் கோணத்தில்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு ‘யுனிவர்சல் ஜாயின்ட்’ என்ற பெயர் எப்போதும் உறுத்தும். ‘பிரபஞ்ச மூட்டு’ என்று எழுதினால் சைவ சித்தாந்தம் மாதிரி ஒலிக்கிறது. ஷாஃப்டின் இரு முனையிலும் இருக்கும் இந்த மூட்டை 1676இல் ராபர்ட் ஹூக், சூரியனைப் பார்க்கும் கருவிகள் பற்றிய நூலில் விவரித்திருக்கிறார். அதற்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. வளைந்த நிலையில் சுழலும்போது, ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடி இரண்டு முறை குறையும். கோணம் 3 டிகிரி என்றால் இந்த ஏற்ற இறக்கம் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. 10 டிகிரி என்றால் நூற்றில் ஒன்றரை. சின்ன டிரக் ஒன்று 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஷாஃப்ட் நொடிக்குச் சுமார் 45 சுற்று சுற்றும். அப்படியானால் நொடிக்கு 90 உதறல்.

முதல் மூட்டு செய்யும் இந்தக் கோளாறை இரண்டாவது மூட்டு எதிர்க் கோளாறு செய்து சரிக்கட்டுகிறது. அதற்கு இரண்டு நிபந்தனை. கியர்பாக்ஸ் தண்டும் பின் ஹவுசிங்கில் உள்ள பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஷாஃப்டின் இரு முனை யோக்குகளும் ஒரே நேரில் இருக்க வேண்டும். கழற்றும்போது பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளாத பட்டறையில், திரும்ப மாட்டும்போது பல் ஒன்று மாறிவிட்டால் இரண்டாவது நிபந்தனை அங்கேயே காலி.

பின் அச்சு சாயாமல் நேராக மேலே ஏறினால் பெரிய சிக்கல் இல்லை. ஆனால் அச்சுக்கு மேலே இருந்த ஸ்பிரிங் பட்டையை அச்சுக்கு அடியில் மாற்றிப் போடுகிறார்கள். பட்டை உட்காரும் மேடையைப் புதிதாக வெல்டிங் வைக்கிறார்கள். கண் மதிப்பில் வைத்த வெல்டிங்கில் பினியனின் மூக்கு நாலு டிகிரி மேலேயோ கீழேயோ பார்த்தால் தீர்ந்தது.

வண்டியின் முழு எடையும் சக்கரங்களில் இருக்கும்போதுதான் அளக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி அளந்தால் பொய்க்கணக்கு. கோணமானி விலை அதிகமில்லை, கைபேசியே அளந்து சொல்லிவிடும். கியர்பாக்ஸ், ஷாஃப்ட், பினியன் மூன்றின் சாய்வையும் குறித்துக்கொண்டால் இரு மூட்டுகளின் கோணமும் கழித்தலில் கிடைத்துவிடும். இரண்டும் 3 டிகிரிக்குள், வித்தியாசம் 1 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. பூஜ்யம் உத்தமம் என்று நினைக்க வேண்டாம். கொஞ்சமும் கோணம் இல்லாவிட்டால் கிராஸுக்குள் இருக்கும் ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் குழி பறிக்கும்.

சரிசெய்யும் சாதனம் ஒரு ஆப்பு. நிஜமான ஆப்பு. பட்டைக்கும் அச்சு மேடைக்கும் நடுவில் வைக்கும் சரிவான இரும்புத் துண்டு. தடித்த பக்கம் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதைப் பொறுத்து பினியன் நிமிரும் அல்லது குனியும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பட்டை முறுக்கிக்கொண்டு பினியன் கொஞ்சம் மேலே எழும்பும். ஆகவே விவரமானவர்கள் ஓரிரு டிகிரி தாழ்த்தியே வைப்பார்கள். மிதித்தால் ஒரு மாதிரி, காலை எடுத்தால் வேறு மாதிரி நடுக்கம் வருகிறதென்றால் சந்தேகத்தைக் கோணத்தின் மேல் திருப்பலாம். மேடையை வெல்டிங் செய்பவரிடம் முதலில் இரண்டு பொட்டு மட்டும் வைக்கச் சொல்லி, அளந்த பிறகு முழுதாக ஓட்டச் சொல்வது இன்னும் மலிவு.

நீள வண்டிகளில் ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருக்கும், நடுவில் சென்டர் பேரிங். அங்கே கோணங்கள் மூன்று. பின்பக்கத்தைத் தாழ்த்திவிட்டு சென்டர் பேரிங்கை இருந்த உயரத்திலேயே விட்டால் எத்தனை ஆப்பு வைத்தும் பயனில்லை.

நடுக்கத்தோடேயே ஓட்டிப் பழகிவிடுகிறவர்களும் உண்டு. கிராஸ் தேய்ந்து முன்பக்கம் அறுந்தால் ஷாஃப்டின் முனை சாலையில் குத்தும். ஓடும் வேகத்தில் வண்டியின் பின்பக்கம் தூக்கி எறியப்படலாம். முன் மூட்டுக்குச் சற்றுப் பின்னால், ஷாஃப்டைச் சுற்றி, சேஸிஸில் போல்ட் போட்ட ஒரு இரும்பு வளையம் இருந்தால் அது கீழே விழாது.