அங்கே யாரைத் தெரியும்?



பொதிகை விரைவு வண்டி தென்காசி நிலையத்தில் நிற்கும் சில நிமிடங்களில், சென்னையில் புதுக்குடித்தனம் தொடங்கப் புறப்படும் குடும்பம் ஒன்றையேனும் காணலாம். அரிசிப் பை, மிளகாய்த்தூள், கருவாட்டுப் பொட்டலம் என யாவும் ஏறிவிடும். வழியனுப்ப வந்த பெரியவர் கேட்பார்: "அங்கே யாரைத் தெரியும்?" மருமகன் பதில் சொல்வார்: "ஆபீஸ்ல நாலு பேர் இருக்காங்க மாமா." மகளிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

ஆய்க்குடி போன்ற ஊர்களில் பிறந்து வளர்ந்த நம்மிடம் ஒரு குறை உண்டு. ஊரில் இருக்கும்வரை அது வெளியே தெரியாது. நட்பைத் தேடிக்கொள்ளும் பழக்கம் நமக்கு இல்லை. பக்கத்து வீட்டு மாமியை நீங்கள் எந்த நாளில் அறிமுகம் செய்துகொண்டீர்கள்? அப்படியொரு நாளே இருந்திராது. வீட்டு மனையும் கிணறும் வந்ததைப் போல அந்த உறவும் பெற்றோர் வழியாக நமக்கு வந்து சேர்ந்தது. ஆகையால் முப்பது வயதில் பெருநகருக்குக் குடிபோகிறவர், முன்பின் அறியாத ஒருவரிடம் பேச்சைத் தொடங்குவது எப்படி என்பதை அரிச்சுவடியிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது.

இதில் ஆணுக்கு வழி எளிது. அலுவலகம் இருக்கிறது, தேநீர்க்கடை இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது. ஒரே வரிசையில் நான்கு நாட்கள் தொழுத மனிதர், ஐந்தாம் நாள் "எந்த ஊர்?" என்று தாமாகவே கேட்பார். பெண்ணுக்கோ மூன்றாம் மாடியில் ஒரு கதவும், அதற்கு எதிரே எப்போதும் சாத்தியிருக்கும் மற்றொரு கதவும்தான். விடுமுறைக்கு ஊர் திரும்பும் நம் பெண் மக்களிடம் விசாரித்துப் பாருங்கள். ஈராண்டுகள் கழிந்தும் எதிர்வீட்டாரின் பெயர் தெரியாது என்பார்கள். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். கேட்கும் தாய்மார்களும் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். நகரில் அவள் நலமாக இருக்கிறாளா என்று நாம் அளப்பது வீட்டு வாடகையையும் தண்ணீர் வசதியையும் வைத்துத்தான்.

நம் வட்டாரத்தாருக்கு இதில் பழைய அனுபவம் ஒன்று உண்டு. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் ஏராளமான முஸ்லிம் குடும்பங்கள் சிங்கப்பூருக்குக் கப்பலேறின. நெசவுத் தொழில் நொடித்ததே பலரை அவ்வாறு புறப்படச் செய்தது. பிற ஊர்களிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம் வணிகர்களுள் பெரும்பாலோர் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுத் தனியே சென்றனர். நம்மவர்களோ குடும்பத்தோடு சென்று, தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறினர். ஆண்கள் பலர் துறைமுக வேலைக்குப் போயினர். பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்ப வருவாய்க்குத் துணை நின்றனர். சீனரும் மலாய்க்காரரும் வாழும் ஊரில் விலை பேசக் கற்றுக்கொண்ட ஒரு பெண்ணுக்கு, நலம் விசாரிக்கும் சொற்கள் கிடைக்க எத்தனை நாளாகும்? அம்மியும் குழவியும் அவர்களுக்குக் கூலியோடு அறிமுகங்களையும் தேடித் தந்திருக்கும் என்றே நான் கருதுகிறேன்.

அம்மக்கள் 1941ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கை நிறுவினர். தென்காசியாரும் தமக்கெனச் சங்கம் கண்டனர். வந்திறங்கும் ஊர்க்காரருக்கு இத்தகைய சங்கம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அதைவிடப் பெரிதாக ஒன்றை அவர்கள் செய்தனர். 1946இல், சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினர். பின்னர் அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. சிங்கப்பூரில் தமிழையே பயிற்றுமொழியாகக் கொண்ட உயர்நிலைப் பள்ளி அது ஒன்றுதான். ஆகவே தமிழில் மேற்படிப்பை நாடிய பிற குடும்பங்களின் பிள்ளைகளும் அதே பெஞ்சில் வந்து அமர்ந்தனர். 1982இல் பள்ளி மூடப்பட்டது. எனினும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் என்ற பெயரில் அந்நினைவு இன்றும் அங்கே நிற்கிறது. மேக்ஸ்வெல் சாலைக்கு அருகில் கடையநல்லூர்த் தெரு என்றொரு தெருவும் இருக்கிறது.

ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, பின்பு அவ்வட்டத்தின் வாசலைப் பிறருக்கும் திறந்துவிட்ட செயல் இது. நம் காலத்து ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்வட்டம் உண்டு, வாசல் இல்லை. சென்னையில் இருந்துகொண்டு ஆய்க்குடியில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை அறிந்திருக்கிறோம். கீழ்த்தளத்தில் நேற்று ஆம்புலன்ஸ் வந்து நின்றது ஏன் என்பது தெரியாது. குழுவை விட்டு விலகுமாறு நான் சொல்லவில்லை. அதில் செலவாகும் நேரத்தைத்தான் சற்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன்.

நேரத்தை எண்ணியே பார்த்திருக்கிறார் அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால். அண்மையில் இடம் பெயர்ந்து புதிய நண்பர்களைத் தேடிக்கொண்டிருந்தோரையும், கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவரையும் ஆராய்ந்து 2018இல் அவர் ஒரு கணக்கை வெளியிட்டார். அறிமுகமானவர் சாதாரண நண்பராவதற்கு ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டும். நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்திற்கு மேல் வேண்டும். ஒன்றாக வேலை செய்யும் நேரம் இதில் அவ்வளவாகப் பயன்படுவதில்லையாம். ஓய்வாக அமர்ந்து பேசும் நேரமே பயன்தருகிறது. அஸருக்குப் பின் நாள்தோறும் பத்து நிமிடம் பேசுகிறவருக்கு 50 மணி நேரம் சேர 300 நாட்கள் ஆகும். 200 மணிக்கு மூன்றாண்டுகளுக்கும் மேலாகும். "வந்து ஆறு மாதமாகிறது, ஒருவரும் ஒட்டவில்லை" என்று மனம் வெதும்புவோர் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தால் சற்றே ஆறுதல் பெறலாம்.

மதீனாவின் வரலாறு நாம் அறிந்ததே. கி.பி. 622இல் ஹிஜ்ரத் செய்து வந்த முஹாஜிர்களையும் அவ்வூர் அன்சாரிகளையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இருவர் இருவராகச் சகோதரர்களாக்கினார்கள். ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்ததும், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அதை ஏற்காமல் கடைவீதிக்கு வழி கேட்டதும் ஜும்ஆ உரைகளில் பலமுறை கேட்டவை. அதே ஏற்பாட்டில் ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்களுக்கும் அபூதர்தா (ரலி) அவர்களுக்கும் ஏற்பட்ட தோழமை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஸல்மான் தம் தோழரின் இல்லத்திற்குச் சென்றபோது உம்முதர்தா (ரலி) தம்மைப் பேணிக்கொள்ளாத கோலத்தில் இருக்கக் கண்டு காரணம் கேட்டார்கள். கணவர் பகலில் நோன்பிலும் இரவில் வணக்கத்திலும் மூழ்கியிருப்பதை அறிந்து, மனைவிக்கும் உரிமை உண்டு என்பதைத் தோழருக்கு எடுத்துரைத்தார்கள். அவர் சொன்னது உண்மை என்று நபிகளாரும் உறுதி செய்தார்கள். வெளியூரிலிருந்து வந்த தோழர், வீட்டிலிருந்த பெண்மணியின் நிலையைக் கவனித்தார் என்பதை நம் ஆண்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

புதிய ஊரில் கணவர் செய்யத்தக்க முதல் உதவி, பள்ளிவாசலில் அறிமுகமான ஒருவரைக் குடும்பத்தோடு தேநீருக்கு அழைப்பதாகும். விருந்து வேண்டாம், பிரியாணி போட்டால் அடுத்த அழைப்புக்கு ஆறு மாதம் ஆகிவிடும். சென்னையில் பெண்கள் தொழ இடமுள்ள பள்ளிகள் சில உள்ளன. பெண்களுக்கான குர்ஆன் வகுப்புகளும் நடக்கின்றன. வாரந்தோறும் அவற்றுக்கு அவள் சென்றுவர, பிள்ளையைக் கவனிக்கும் பொறுப்பை அந்த ஒரு மணி நேரம் அவர் ஏற்கலாம்.

சகோதரிகளுக்கும் ஒரு சொல். அண்டை வீட்டாரிடம் எதையேனும் கேட்கத் தயங்காதீர்கள். கறிவேப்பிலை கேளுங்கள், நல்ல மாவு மில் எங்கே என்று கேளுங்கள். கொடுப்பதைவிடக் கேட்பது விரைவில் கதவைத் திறக்கிறது. கொடுத்தால் எதிர்வீட்டுப் பெண் கடன்பட்டவளாகக் கூசுவாள். கேட்டாலோ அவளுக்கும் பிற்பாடு கேட்கும் உரிமை வந்துவிடுகிறது. அமெரிக்காவில் மாணவர் குடும்பங்களின் குடியிருப்பு ஒன்றை ஆராய்ந்து 1950இல் வெளிவந்த நூலிலும், அடுத்த கதவுக்காரரே மிகுதியாக நண்பராயினர் என்றும், படிக்கட்டின் அடியில் வசித்தோர் மேல்மாடியினரோடு அதிகம் பழகினர் என்றும் கண்டிருக்கிறார்கள். கதவைச் சற்றுத் திறந்து வைத்து, படிக்கட்டில் நின்று கீரை ஆயலாம்.

இனி ஊரில் இருக்கும் நம்மைப் பற்றி. ஆய்க்குடிக்கும் புதியவர்கள் வருகிறார்கள். 1975இல் நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே உணர்விழந்த திரு. எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் இங்கே தொடங்கிய அமர் சேவா சங்கத்திற்கு, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளோடு வெளியூர்த் தாய்மார்கள் வருகிறார்கள். தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இயங்கும் கணக்காயர் திரு. சங்கரராமன், சென்னையை விட்டு இவ்வூருக்கே வந்து அப்பணியில் இணைந்தார். சிகிச்சைக்காகப் பிள்ளையைத் தூக்கி வரும் அந்தத் தாய்க்கு இங்கே யாரைத் தெரியும்? பேருந்து நிறுத்தத்தில் அவளும் நாமும் ஒரே வண்டிக்காக அரைமணி நேரம் நிற்கிறோம். பிள்ளையின் பெயரைக் கேட்க அது போதுமான நேரம்.