பெயரிழந்த மாந்தர்

உரிமையை இழத்தல் ஒன்று. அதனை இழந்தோம் என்னும் உணர்வையும் இழத்தல் பிறிதொன்று. முன்னையதினும் பின்னையதே கொடிது என்பது எமது துணிபு. வருங்காலக் கொடுங்கோல் உலகங்களைப் புனைந்து காட்டும் மேனாட்டு நாவல்கள் சில இவ்வுண்மையை நன்கு புலப்படுத்துகின்றன.

அவற்றுள் முற்பட்டதொன்று, ருஷிய நாட்டுக் கப்பற் பொறியாளர் யெவ்கேனி ஸமியாத்தின் 1920-21ஆம் ஆண்டுகளில் இயற்றிய 'நாம்' என்பதாம். அந்நூல் காட்டும் அரசில் மாந்தர்க்குப் பெயரில்லை, எண்களே உண்டு. இல்லங்களின் சுவர்களெல்லாம் கண்ணாடி. கதைத்தலைவனாகிய டி-503 என்பானுக்குக் காதலினால் 'நான்' என்னும் உணர்வு தலையெடுக்கின்றது. அரசோ அறுவை மருத்துவத்தால் அவனது கற்பனையாற்றலையே அகற்றிவிடுகின்றது. பின்னர்த் தான் காதலித்தவள் வதைக்கப்படுவதை அவன் கலக்கமின்றிக் கண்டிருக்கின்றான்! இந்நூல் 1924இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஆயினும், ஆசிரியர் 1937இல் பாரிஸ் நகரில் மறைந்து 51 ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1988இல் தான், அவர்தம் தாயகத்தில் அச்சேறிற்று.

ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட '1984' என்னும் நாவலில் அரசு சொற்களையே குறைத்துவருகின்றது. உரிமையைக் குறிக்கும் சொல், 'வயல் களை நீங்கியது' என்றாற்போன்ற பொருளில் மட்டுமே எஞ்சி நிற்குமாம். சொல் மறையின் அது குறித்த எண்ணமும் மறையும் என்பது அவ்வரசின் கணக்கு. மொழி பயில்வார் இதனை வெறுங்கதை என்று தள்ளுதல் இயலுமோ?

இனி, ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932இல் படைத்த 'துணிவுமிகு புத்துலகம்' இவ்விரண்டினும் வேறானது. அங்கே பசியில்லை, போரில்லை, துயர் தோன்றின் 'ஸோமா' என்னும் மருந்துண்டு. ஒரே கருவினின்று 96 பேர் வரை ஒரே வார்ப்பாக ஆக்கப்படுகின்றனர். "பசியும் பிணியும் ஒழியுமாயின் தனித்தன்மை போயினும் போகட்டுமே" என்பாரும் உளர். பசியை ஒழித்தல் அறமே. அதில் எமக்கு மாறுபாடில்லை. ஆயின், பசித்தவன் 'எனக்குப் பசிக்கின்றது' என்று கூறும் ஆற்றலை விலையாகக் கேட்கும் அரசு, நாளை அவனுக்கு உணவை மறுக்கும்போது அதனைத் தட்டிக் கேட்பார் யாவர்? ஆதலின் உரிமை, வயிறு நிறைந்தபின் நாடும் அணிகலன் அன்று. வயிற்றுக்கே அது காவல்.

அந்நாவலில் ஒரு சிறுவன் வருகின்றான். உறங்குங்கால் செவியில் ஓதப்பட்ட நைல் நதியைப் பற்றிய வாக்கியத்தை அவன் பிழையின்றி ஒப்பிக்கின்றான். ஆனால் ஆப்பிரிக்காவின் மிக நீண்ட ஆறு யாதென வினவினால் விடையறியாது விழிக்கின்றான். தோழர்காள்! பிறர் எழுதிய குறிப்புக்களை உருப்போட்டுத் தேர்வில் இறக்கிவைக்கும் நம்மை நோக்கியும் அன்றோ ஆசிரியர் நகுகின்றார்? அச்சிறுவனை உறக்கத்தில் ஆழ்த்தியது அரசு; நாமோ விழித்திருந்தே அவ்வுறக்கத்தை வேண்டி ஏற்கின்றோம்.

கண்ணாடிச் சுவர்களை எழுப்பும் வல்லமை நம்மிடம் இல்லை. தடுக்கும் வல்லமையும் இன்று இல்லாதிருக்கலாம். ஆயின், ஒரு நூலைக் கற்றபின் அதுபற்றி நாமே எண்ணி, நம் சொல்லால் ஒரு பக்கமேனும் எழுதுதல் நம்மால் இயல்வதே. சிறிதாயினும், 'நான்' என்னும் சொல் பொருளிழவாதபடி காக்கும் வழி அதுவே.