‘தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதே’

டி.பார்ம் முடித்துவிட்டு மருந்துக்கடைக்கோ மருத்துவமனை மருந்தகத்துக்கோ நேர்காணலுக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்குச் சீனியர்களும் பயிற்சி மையக்காரர்களும் வீட்டுப் பெரியவர்களும் ஒரே குரலில் சொல்லி அனுப்பும் அறிவுரை ஒன்று உண்டு: “எதைக் கேட்டாலும் தெரியாதுன்னு மட்டும் சொல்லிடாதே. தயங்காம ஏதாவது ஒரு பதிலைச் சொல்லு.” இதையொட்டிக் கேள்வி-பதில் தாள்கள் ஜெராக்ஸ் எடுக்கப்பட்டுக் கைமாறுகின்றன. ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பதற்கு நான்கு வரி ஆங்கிலம். ‘உங்கள் பலவீனம் என்ன’ என்பதற்கு, எதையும் கச்சிதமாகச் செய்யாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்று பலவீனம்போல வேடமிட்ட தற்புகழ்ச்சி. தேய்த்த சட்டையும் தடுமாறாத நாக்கும் இருந்தால் வேலை நிச்சயம் என்று நம்புகிறார்கள். வேறு பல வேலைகளுக்கு இந்த அறிவுரையால் பெரிய கேடு வந்துவிடாது. மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு இதைவிடத் தவறான தயாரிப்பு இல்லை. தெரியாத இடத்தில் தெரிந்ததுபோலப் பேசுவது இந்தத் தொழிலில் ஆளைக் கொல்லும் பழக்கம். வேலையில் சேரும் முன்பே அந்தப் பழக்கத்தை ஊட்டி, அதற்குத் தன்னம்பிக்கை என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மருந்தாளுநருக்கு உதவியாக ‘பார்மசி டெக்னீஷியன்’ என்று தனி வேலை இருக்கிறது. சீட்டை வாங்குவது, மருந்தை எடுத்து எண்ணுவது, லேபிள் ஒட்டுவது, மருத்துவமனைகளில் நரம்பு வழி ஏற்றும் கரைசல்களைக் கலப்பது ஆகியவை அவர் கையில். சரிபார்த்து ஒப்புதல் தருவது மருந்தாளுநரின் பொறுப்பு. நம் ஊரில் இந்த இரண்டு வேலையும் பெரும்பாலும் ஒரே ஆளின் தலையில் விழுகிறது. மருத்துவர் தம் நோயாளிக்குத் தாமே கொடுப்பதைத் தவிர, பதிவுபெற்ற மருந்தாளுநர் அல்லாத எவரும் மருத்துவர் சீட்டுக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டம் 42-ஆம் பிரிவில் சொல்கிறது. அங்கே ஒருவர் தவறினால் பிடிக்க இரண்டாவது கண் ஒன்று இருக்கிறது. இங்கே பல கடைகளில் முதல் கண்ணே கடைசிக் கண்.

இரண்டாவது கண் இருந்தும் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 2006-இல் நடந்ததைப் பார்க்கலாம். கீமோதெரபி எடுத்துக்கொண்டிருந்த எமிலி ஜெர்ரி என்ற இரண்டு வயதுக் குழந்தைக்கு மருந்து கலந்த டெக்னீஷியன், ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருக்க வேண்டிய உப்புக் கரைசலுக்குப் பதிலாக 23.4 சதவீதச் செறிவுள்ள கரைசலைப் பயன்படுத்திவிட்டார். சரிபார்த்த மருந்தாளுநரும் அதைக் கவனிக்காமல் அனுப்பினார். குழந்தை இறந்தது. மருந்தாளுநர் உரிமத்தை இழந்து சிறைக்கும் போனார். டெக்னீஷியன் வேலைக்கு இன்ன பயிற்சி வேண்டும் என்று அப்போது அந்த மாநிலத்தில் சட்டம் எதுவும் கேட்கவில்லை. குழந்தையின் பெயரிலேயே 2009-இல் சட்டம் வந்த பிறகுதான் கேட்டது. அதுவரை அந்த வேலைக்கு நல்ல பேச்சும் சுறுசுறுப்பும் போதும் என்று அங்கேயும் நினைத்தார்கள்.

இதைவிட நம் நிலைமைக்கு நெருக்கமானது டெக்சாஸ் மாநில வழக்கு. 1995-இல் இதய நோயாளி ஒருவருக்கு மருத்துவர் ‘ஐசார்டில்’ என்ற மருந்தை எழுதினார்: 20 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. மருந்தகத்தில் அந்தக் கிறுக்கலை ‘ப்ளெண்டில்’ என்று படித்துக் கொடுத்துவிட்டார்கள். ப்ளெண்டில் ரத்த அழுத்த மருந்து. அதை ஒரு நாளைக்கு 10 மி.கி.க்கு மேல் தருவதில்லை. கொடுக்கப்பட்டதோ நாளுக்கு 80 மி.கி., அதாவது எட்டு மடங்கு. நோயாளி மாரடைப்பு வந்து இறந்தார். 1999-இல் ஜூரி 4,50,000 டாலர் இழப்பீடு விதித்தது. எழுதிய மருத்துவரையும் கொடுத்த மருந்தகத்தையும் சேர்த்தே பொறுப்பாக்கியது. இந்த வழக்கை எல்லோரும் மருத்துவரின் கையெழுத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் படுவது வேறு. மருந்தின் பெயரைத்தான் தவறாகப் படித்தார்கள். எண்ணைச் சரியாகவே படித்தார்கள். ‘ப்ளெண்டில் 20 மி.கி., நாளுக்கு நான்கு வேளை’ என்று மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்திருந்தாலே இது சரியில்லையே என்று உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தியவுடன் கையை நிறுத்தி, மருத்துவருக்கு ஒரு போன் போட்டிருக்க வேண்டும். அந்த உறுத்தல் வருவதற்குப் படிப்பு வேண்டும். வந்த பிறகு நிறுத்துவதற்கு ‘எனக்குப் புரியவில்லை’ என்று கூச்சமில்லாமல் சொல்லும் பழக்கம் வேண்டும். நேர்காணலுக்கு நாம் தரும் பயிற்சி முதலாவதைக் கண்டுகொள்வதில்லை. இரண்டாவதை முளையிலேயே கிள்ளிவிடுகிறது.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்பவர்கள் நம் கவுன்டரில் தினமும் வாங்கும் காய்ச்சல் மருந்தை எடுத்துக்கொள்ளட்டும். குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப் 5 மி.லி.க்கு 125 மி.கி. என்றும் வருகிறது, 250 மி.கி. என்றும் வருகிறது. சொட்டு மருந்தாக வருவதில் ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கிறது. 125 மி.கி. கொடுக்க வேண்டிய குழந்தைக்கு முதலாவதில் 5 மி.லி., இரண்டாவதில் இரண்டரை, சொட்டு மருந்தில் ஒன்றேகால். சீட்டில் ‘பாராசிட்டமால் 5 மி.லி.’ என்று மட்டும் எழுதியிருந்து, கடையில் இருப்பது சொட்டு மருந்துதான் என்று அதையே எடுத்துக் கொடுத்து, அம்மாவும் 5 மி.லி. ஊற்றினால் குழந்தைக்குள் போவது 500 மி.கி.; பெரியவர்கள் போடும் ஒரு முழு மாத்திரை. இன்சுலின் இன்னும் மோசம். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மி.லி.க்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி போட்ட சிரிஞ்ச். மி.லி.க்கு 100 யூனிட் உள்ள இன்சுலினும் விற்கிறது. அதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 50 யூனிட். சர்க்கரை தாழ்ந்து ஆள் மயங்கி விழ அது போதும். மாற்றிச் செய்தால் 8 யூனிட்தான் ஏறும். ‘மருந்து கேட்கவில்லை’ என்று மருத்துவர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை சாப்பிட வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் சாப்பிட்டு உயிரை விட்டவர்கள் பல நாடுகளில் உண்டு. சீட்டில் வழக்கம்போல ‘1-0-0’ என்று எழுதியிருந்தால், எதிரே நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதைக் கொடுக்கலாகாது. இவை எதுவும் எம்.பார்ம் படித்தவர்தான் அறிய வேண்டிய நுட்பங்கள் அல்ல, கவுன்டரில் நிற்பவரின் அன்றாடச் சமாச்சாரங்கள். ஜெராக்ஸ் தாள்களில் இவை எங்கே?

அந்தத் தாள்களில் இருக்கும் ஒரு பதிலைச் சட்டத்தோடு வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ‘மருத்துவர் எழுதிய பிராண்டு கடையில் இல்லை, என்ன செய்வீர்கள்?’ என்பது நேர்காணல்களில் அடிக்கடி வரும் கேள்வி. மனப்பாடப் பதில்: அதே காம்போசிஷன் உள்ள வேறு பிராண்டை எடுத்துக் கொடுத்து, வாடிக்கையாளரைப் பேசிச் சமாதானப்படுத்துவேன். கேட்பவரும் மகிழ்ந்துபோவார், விற்பனை கைவிட்டுப் போகவில்லையே! ஆனால் மருந்து விதிகளின் 65-ஆம் விதி, ஷெட்யூல் எச், எச்1, எக்ஸ் பட்டியல்களில் உள்ள மருந்து எழுதிய சீட்டுக்கு, அதே மூலப்பொருள் கொண்டதாகவே இருந்தாலும், வேறு தயாரிப்பை மாற்றிக் கொடுக்கக் கூடாது என்கிறது. மருத்துவர் மூலப்பெயரை எழுதியிருந்தால் எந்த நிறுவனத்தின் மருந்தையும் தரலாம். பிராண்டை எழுதியிருந்தால் அவரிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். எல்லாக் கடைகளிலும் மாற்றித்தானே கொடுக்கிறார்கள் என்பார்கள். கொடுக்கிறார்கள்தான். இந்த விதி இன்றைய ஜெனரிக் மருந்து முயற்சிகளோடு ஒத்துப்போகிறதா என்று விவாதிக்கவும் இடமிருக்கிறது. முதல்வர் மருந்தகங்கள் 2025 பிப்ரவரியில் ஆயிரம் இடங்களில் திறக்கப்பட்ட பிறகு, பிராண்டு பெயர் எழுதிய சீட்டோடு ஜெனரிக் கேட்டு வருபவர்களைச் சமாளிப்பது பெரிய கேள்வியாகவே ஆகியிருக்கிறது. ஆனால் விதியைத் தெரிந்துகொண்டு அதைப் பற்றி வாதிடுவது வேறு; அப்படியொன்று இருப்பதே தெரியாமல், மீறுவேன் என்று மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து முழங்குவது வேறு. எச்1 பதிவேட்டைப் பற்றிக் கேட்டாலும் இதே கதைதான். செபிக்சிம், அல்பிரசோலம், டிரமடால் போன்றவற்றைக் கொடுக்கும்போது எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது 2014 முதல் நடப்பிலிருக்கும் விதி. அந்தப் பதிவேட்டைக் கண்ணால் பார்த்திராதவர்கள்கூட ‘எல்லா ரெக்கார்டும் மெயின்டெய்ன் பண்ணுவேன் சார்’ என்று அசராமல் சொல்லிவிடுகிறார்கள்.

இதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமானது. தெரியாது என்று சொன்னால் வேலை கிடைக்காதே, அடுத்து உட்கார்ந்திருப்பவன் அடித்துவிட்டு வேலையை வாங்கிக்கொண்டு போய்விடுவானே? உண்மைதான், எல்லாக் கேள்விக்கும் கையை விரிப்பவரை யாரும் எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் கூடாது. அறியாமைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. சொல்லப்போனால் நான் கேட்கும் தயாரிப்பு மனப்பாடத்தைவிடக் கடினமானது. அதிகம் போகும் மருந்துகளின் மூலப்பெயர், பெரியவர்களுக்கான உச்ச அளவு, குழந்தைக்கு எடையை வைத்து அளவு கணக்கிடும் முறை, உலர் சிரப்பில் எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும், கலந்த பின் எத்தனை நாள் தாங்கும், எதைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், எதை உறைய விடக் கூடாது — இவை கைவசம் இருக்க வேண்டும். இவை இருப்பவருக்குத்தான் தம் அறிவின் எல்லை எங்கே முடிகிறது என்பதும் தெரியும். எல்லையைத் தாண்டிய கேள்வி வரும்போது ‘தெரியாது’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், ‘இந்த மருந்தின் அளவு எனக்கு நிச்சயமில்லை, பெட்டிக்குள் இருக்கும் குறிப்புத்தாளைப் பார்ப்பேன், சீனியர் மருந்தாளுநரிடம் கேட்பேன், அப்போதும் சந்தேகம் இருந்தால் மருத்துவரைக் கூப்பிடுவேன், அதுவரை கொடுக்க மாட்டேன்’ என்று சொல்லலாம். இது தோற்றவன் பேச்சா? விவரம் தெரிந்த ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தால், அன்று அவர் கேட்கும் மிகச் சிறந்த பதில் இதுவாகத்தான் இருக்கும்.

கம்ப்யூட்டரும் பார்கோடும் வந்துவிட்டன, தவறை மெஷின் பிடித்துவிடும் என்பது இன்னொரு மறுப்பு. பெட்டியில் இருக்கும் மருந்து பில்லில் இருக்கும் மருந்துதானா என்று பார்கோடு சொல்லும். பில்லில் ஏறியது மருத்துவர் நினைத்த மருந்துதானா என்று அதற்குத் தெரியாது. டெக்சாஸில் தவறு நடந்தது படிக்கும் இடத்தில். அந்த இடத்தில் இன்னும் மனிதக் கண்தான் இருக்கிறது. பெயர்க் குழப்பம் என்பது அசட்டுக் கடைக்காரர்களுக்கு மட்டும் வருவதும் அல்ல. அமெரிக்காவில் ‘லோசெக்’ என்ற அமில மருந்தை ‘லேசிக்ஸ்’ என்ற நீர்ப்போக்கி மாத்திரையோடு போட்டுக் குழப்பிக்கொண்டதால், 1990-இல் அதன் பெயரையே ‘பிரிலோசெக்’ என்று மாற்ற வேண்டிவந்தது.

ஆங்கிலம் வேண்டாமா என்றால், வேண்டும். லேபிளும் குறிப்புத்தாளும் ஆங்கிலத்தில் இருக்கும்வரை படிக்கும் ஆங்கிலம் இல்லாமல் இந்த வேலை இல்லை. பேசும் ஆங்கிலம் வேறு விஷயம். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்னால் போட வேண்டும், ஒரு வேளை மறந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உசிலம்பட்டியிலிருந்து வந்த ஒரு பாட்டிக்குப் புரியும்படி சொல்லத் தெரிகிறதா என்று எந்த நேர்காணலிலும் சோதிப்பதாகத் தெரியவில்லை. மருந்தைப் பற்றி நோயாளிக்கு விளக்கிச் சொல்வது மருந்தாளுநரின் கடமை என்று 2015-ஆம் ஆண்டின் பார்மசி நடைமுறை ஒழுங்குமுறைகளே வகுத்திருக்கின்றன.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. கேட்பவர்கள் தரத்துக்குத்தான் பதிலும் இருக்கும். டார்கெட்டை எட்டுவீர்களா, ஞாயிறு வருவீர்களா, இரண்டு வருடம் பாண்டு எழுதித் தருவீர்களா என்று கேட்டு முடித்துவிடுகிற முதலாளிகளுக்கு, மருந்து தெரிந்த ஆளை எடுக்கும் உத்தேசமே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். (சர்டிபிகேட்டை மாத வாடகைக்கு வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டு, பத்தாவது படித்த பையனைக் கவுன்டரில் நிறுத்தும் கடைகளில் இந்த நேர்காணலும் கிடையாது.) இரண்டு ஆண்டுப் படிப்போடு 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சியை டி.பார்முக்குக் கட்டாயமாக்கி, அதில் 250 மணி நேரமாவது சீட்டைப் பார்த்து மருந்து கொடுப்பதில் செலவாக வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த 250 மணி நேரத்தில் என்ன பார்த்தாய், எந்தச் சீட்டில் தடுமாறினாய், யாரைக் கேட்டாய் என்று விசாரித்தாலே, கையெழுத்து மட்டும் வாங்கிவந்தவர் யார், நின்று வேலை பார்த்தவர் யார் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நேர்காணல் நடத்தும் மருந்தக உரிமையாளர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கோப்பிலிருந்து பழைய சீட்டு ஒன்றை எடுத்து, நோயாளியின் பெயரை மறைத்துவிட்டு, வந்தவர் முன் வையுங்கள். அளவு தெளிவில்லாததாகவோ பெயர் இரண்டு விதமாகப் படிக்கக்கூடியதாகவோ இருக்கட்டும். சட்டென்று ஒரு மருந்தின் பெயரைச் சொல்பவரை அனுப்பிவிடுங்கள். சீட்டைத் திருப்பிப் பார்த்து, நோயாளிக்கு எத்தனை வயது, என்ன தொந்தரவு என்று உங்களையே திருப்பிக் கேட்பவருக்கு அன்றே ஆர்டர் கொடுங்கள்.