துறைமுகத்தின் வருவாயில் அயலவர்க்குப் பங்கு எங்கே?

தெமட்டகொடையில் நின்று பார்ப்பவனுக்குக் கடல் தெரியாது. ஆயினும் கடல்வழி வந்த சரக்கு எமது வாசலைத் தட்டாமற் செல்வதில்லை. ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றங்களை நாடிச் செல்லும் லொறிகள் பேஸ்லைன் வீதியை அதிரச் செய்கின்றன. துறைமுகத்தில் இறக்கப்படும் எண்ணெய் நிலத்தடிக் குழாய்களின் வழியே கொலன்னாவைக் குதங்களுக்கு ஓடுகின்றது. பல தசாப்தப் பழைமை வாய்ந்த அக்குழாய்ப் பாதையின் மேலும் மருங்கிலும் ஏழைகளின் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. கொட்டாஞ்சேனை, புளூமெண்டால், முகத்துவாரம், மட்டக்குளி ஆகிய இடங்களின் நிலையும் இதுவே. புழுதி எமக்கு, இரைச்சல் எமக்கு, தீ மூளுமோ என்னும் அச்சமும் எமக்கு. இச்சுமைக்குக் கூலி என்ன என்பதே நாம் கேட்கும் கேள்வி.

2023ஆம் ஆண்டில் கொழும்புத் துறைமுகம் ஏறத்தாழ 70 இலட்சம் கொள்கலன் அலகுகளைக் கையாண்டது. அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு கப்பலிலிருந்து கப்பலுக்கு மாறிச் செல்பவை. வாயிலைத் தாண்டி வருவன எஞ்சிய ஒரு பங்கே என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அந்த ஒரு பங்கு முழுவதும் ஊர்ந்து செல்வது எமது தெருக்களிலன்றோ!

வருவாய் எவ்வாறு பிரிகின்றது என்று பார்ப்போம். 2025ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய மேற்கு முனையத்தில் இந்திய அதானி நிறுவனத்துக்கு நூற்றுக்கு 51 பங்கு. ஜோன் கீல்ஸ் நிறுவனத்துக்கு 34. இலங்கைத் துறைமுக அதிகாரசபைக்கு 15. ஒப்பந்தக் காலமோ 35 ஆண்டுகள். சீன நிறுவனம் நடத்தும் தெற்கு முனையத்திலும் அதிகாரசபைக்கு 15 பங்குதான். நூறு பங்கும் பிரிந்தாயிற்று. அயலவனுக்கு மிஞ்சியது எது? லொறி கிளப்பிய புழுதி!

சட்டம் என்ன சொல்கின்றது? அதிகாரசபையை அமைத்தது 1979ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம். கப்பலுக்கும் சரக்குக்கும் திறம்படச் சேவை புரிவதும், செலவுக்குக் குறையாத வருமானம் ஈட்டுவதும் அச்சட்டம் வகுத்த கடமைகள். வருமானத்தில் இன்ன வீதத்தை அயலூர் மக்களுக்கு ஒதுக்குதல் வேண்டும் என்னும் கட்டளை அதில் இல்லை. ஆகவே எமது மக்களுக்கு எப்பொழுதேனும் ஏதேனும் கிடைக்குமாயின் அது தானமாகவே கிடைக்கும். கொடுப்பவன் மனம் மாறினால் தானம் நின்றுபோகும். நின்றதை எந்த நீதிமன்றத்திலும் கேட்க முடியாது. உரிமையோ அத்தகையதன்று. கேட்டுப் பெறலாம்; மறுத்தால் வழக்காடலாம். இந்த வேறுபாட்டிலேதான் எமது வாதம் முழுவதும் தங்கியிருக்கின்றது.

இம்மக்கள் எவரோ வந்தேறிகளல்லர். 1875ஆம் ஆண்டு டிசெம்பரில் வேல்ஸ் இளவரசர் தென்மேற்கு அலைதடுப்புக்கு அடிக்கல் நாட்டிய நாள் தொட்டு, இத்துறைமுகம் தன் தேவைக்காகக் கூலிகளைக் கூவி அழைத்தது. அழைத்தவன் வீடு கொடுக்கவில்லை. வந்தவன் முடுக்குகளிலும் தோட்டங்களிலும் தானே கூரை போட்டுக் கொண்டான். 1927ஆம் ஆண்டில் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் துறைமுகத்தையே நிறுத்தி வைத்த தொழிலாளர் கூட்டத்தில் சிங்களவரும் இருந்தனர், தமிழரும் இருந்தனர், மலையாளிகளும் இருந்தனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களில் இந்திய வம்சாவளியினரை நாடற்றவராக்கியது. 1913இல் துறைமுக ஆணைக்குழு, 1958இல் சரக்குக் கூட்டுத்தாபனம், 1979இல் அதிகாரசபை என்று எசமானர்கள் மாறினர். முடுக்குகள் மாறவில்லை. இன்று அம்மக்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்து, "அனுமதியின்றிக் குடியிருப்போர்" என்று முத்திரை குத்துகின்றனர். இது நியாயமா?

அகற்றும் போதும் ஒரே நீதி இல்லை. களனிப் பாலத்திலிருந்து காலிமுகத்திடலை நோக்கித் துறைமுகத்துக்கென எழுப்பப்பட்ட உயர்மட்டப் பாதைக்குப் பணம் தந்தது ஆசிய அபிவிருத்தி வங்கி. காணி உறுதி இல்லாதவனுக்கும் அவன் கட்டிய வீட்டுக்கு நட்டஈடு உண்டு என்பது அவ்வங்கியின் 2009ஆம் ஆண்டுக் கொள்கை. அந்நிய வங்கி நிபந்தனை விதித்த இடத்தில் ஏழைக்கு ஒரு நீதி. எமது அரசே அகற்றிய இடத்தில் வேறு நீதி. 2010ஆம் ஆண்டில் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்ட பின்னர், தெமட்டகொடையிலும் வனாத்தமுல்லையிலும் எழுந்த அடுக்குமாடிகளுக்குப் பெயர்க்கப்பட்ட குடும்பங்கள், 400 சதுர அடி வீட்டுக்கு ஆண்டாண்டாகத் தவணைப் பணம் கட்ட வேண்டியவையாயின. இழந்த வீட்டுக்குப் பணம் பெறவேண்டியவன் புதிய வீட்டுக்குப் பணம் கொடுப்பவனானான்! இத்தகைய குடியிருப்பு ஒன்றிலிருந்து தமிழ்த் தாய் ஒருவர் எம்மிடம் கொண்டுவந்த அறிவித்தல் தனிச் சிங்களத்தில் இருந்தது. தாம் எந்தத் திகதிக்கு முன் எதைச் செய்யவேண்டும் என்பதை அறிய அவர் வழக்கறிஞரிடம் வரவேண்டியிருந்தது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியதை அந்த அலுவலகத்துக்கு எவரும் சொல்லவில்லை போலும்!

2021ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாளை எமது மக்கள் மறத்தலாகாது. அன்றைய தினம் கொழும்புத் துறைமுக நகரச் சட்டமூலத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. கடலை நிரப்பி எழுந்த 269 ஹெக்டேயர் நிலத்தில் முதலிடுவோருக்கு 40 ஆண்டுகள் வரை வரிவிலக்கு அளிக்க அச்சட்டம் வழி திறந்தது. அதே நாளில், துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் தீ மூண்டது. 1,486 கொள்கலன்களோடு எரிந்து அமிழ்ந்த அக்கப்பல் கக்கிய பிளாஸ்டிக் மணிகள் கரையெங்கும் குவிந்தன. மேற்குக் கரையின் மீனவர் கடலுக்குப் போகத் தடை விதிக்கப்பட்டது. முதலாளிக்கு நாற்பதாண்டு வரிவிலக்கு. மீனவனுக்குத் தொழில் தடை! 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் நட்டஈடு விதித்தது. மாசு செய்தவனே ஈடு செய்தல் வேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டியது. செலுத்த மாட்டோம் என்று கப்பற் கம்பனி அதே ஆண்டில் அறிவித்தது. தீங்கு நேர்ந்த பின்னர் வழக்காடுவதன் பலன் இவ்வளவே. முன்கூட்டியே நிதி இருந்திருந்தால் மீனவன் நான்காண்டு தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியிருந்திருக்குமா?

"துறைமுகம் நாடு முழுவதற்கும் உரியது, அயலவர்க்கெனத் தனிப் பங்கு கேட்பது குறுகிய நோக்கு" என்பார் உளர். நன்மை நாடு முழுவதற்கும் என்பதை ஏற்கின்றோம். தீமையையும் நாடு முழுவதும் பகிர்ந்து கொள்கின்றதா? தீமை சிலருக்கும் நன்மை எல்லோருக்கும் எனின், அச்சிலருக்கு ஈடு செய்வதே சமத்துவம்.

"பங்கு கொடுத்தால் கட்டணம் ஏறும், கப்பல் ஓடிவிடும்" என்பது மற்றொரு பூச்சாண்டி. ஐரோப்பாவின் மிகப் பெரிய துறைமுகமாகிய ரொட்டர்டாமின் பங்குகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 அந்நகரசபைக்கே உரியன. இலாபப் பங்கு நகரத்துக்குச் செல்கின்றது. லொஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகத்தின் அயலவர் வழக்காடி, 2003இல் ஏறத்தாழ 5 கோடி டொலர் பெறுமதியான இணக்கம் பெற்றனர்; 2008இல் மற்றொரு முனைய விரிவாக்கத்தை எதிர்த்து அயலவர் நலனுக்கென நிதியமே அமைக்கச் செய்தனர். அங்கிருந்து கப்பல்கள் ஓடிவிட்டனவா? அண்டை நாடாகிய இந்தியாவின் 2021ஆம் ஆண்டுப் பெருந்துறைமுகச் சட்டமும் கல்வி, சுகாதாரம், வீடமைப்பு ஆகியவற்றுக்கு நிதியைச் செலவிடலாம் என்கின்றது. ஆனால் "செலவிடலாம்" என்பதே அங்குள்ள சொல். அச்சொல் எமக்குப் போதாது. "செலவிடுதல் வேண்டும்" என்பதே எமது சட்டத்தில் எழுதப்படவேண்டிய சொல்.

ஆகவே நாம் கோருவன இவை. ஒன்று, 1979ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டு, துறைமுக வாயிலைத் தாண்டும் ஒவ்வொரு கொள்கலனுக்கும் ஒரு தீர்வை விதிக்கப்பட்டு, அது அயலவர் நிதியத்தில் சேர்தல் வேண்டும். இரண்டு, அந்நிதியத்தை நடத்துவோர் அமைச்சரின் அடியவர்களாக இருத்தலாகாது. சூழவுள்ள வட்டாரங்களின் மக்களால் தெரியப்படுதல் வேண்டும். மூன்று, கணக்காய்வாளர் தலைமை அதிபதி ஆராய்ந்த கணக்கு ஆண்டுதோறும் தமிழிலும் சிங்களத்திலும் வெளிவருதல் வேண்டும். நான்கு, எண்ணெய்க் குழாய்ப் பாதையில் வாழ்வோருக்கு உறுதியுடன் கூடிய வீடு முதற் செலவாதல் வேண்டும்; உறுதி கையில் வரும்வரை ஒரு குடும்பமும் அசைக்கப்படலாகாது.

எமது மக்களுக்கு ஒரு சொல். அறிவித்தல் வந்த நாளைக் குறித்து வையுங்கள். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தை நாட ஒரு மாதமே தவணை. அழுது கொண்டிருப்பவனுக்காக அம்மாதம் நிற்பதில்லை. தோட்டந்தோறும் கூடுங்கள், சிங்கள அயலவனையும் முஸ்லிம் அயலவனையும் அழைத்துக் கொள்ளுங்கள். லொறியின் புழுதி இனம் பார்த்துப் படிவதில்லை; எமது கோரிக்கையும் இனம் பார்த்துப் பிரியலாகாது. தானம் கேட்டு ஒருவரும் அமைச்சரின் வாயிலில் நிற்க வேண்டாம். எமது முதுகின்மேல் ஏறிச் செல்லும் செல்வத்தில் எமக்குரிய பங்கையே கேட்கின்றோம்.