பூண்டுப் பல்லும் பாகப்பிரிவினையும்

சென்ற விடுமுறையில் குடும்பத்தோடு வட்டவடைக்குப் போயிருந்தோம். என் மனைவியின் பெரியம்மா வீடு அங்கே இருக்கிறது. மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் கடந்து, பாம்பாடும் சோலைக் காட்டுக்குள் நுழைந்து வெளியே வந்தால் மலைச்சரிவெங்கும் படிப்படியாய்க் காய்கறி வயல்கள். கேரளத்தின் இடுக்கி மாவட்டம்தான். ஆனால் தெருவில் காதில் விழுவது தமிழ். தலைமுறைகளுக்கு முன் மதுரைப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் தாங்கள் என்று அங்குள்ள பெரியவர்கள் சொல்கிறார்கள். அந்த வகையில் அவர்களும் நம்மைப் போலப் புலம்பெயர்ந்தவர்களே.

அடுப்புக்கு மேலே பூண்டுக் கொத்துகள் தொங்கின. காந்தளூர், வட்டவடை வட்டாரத்து மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அதில் ஒரு பல்லைப் பிய்க்கப் போனாள்.

"அது விதைக்கு வெச்சது கண்ணு, வேற எடுத்துக்க" என்றார் பெரியம்மா.

"இதுல விதை எங்க பாட்டி?"

"பல்லுதான் விதை. இது என் மாமியார் கொடுத்த பூண்டு. அவங்களுக்கு அவங்க மாமியார் கொடுத்தது."

மகள் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, ஒரு செல் ரெண்டாப் பிரிஞ்சா ஒவ்வொண்ணுலயும் பாதிதானே இருக்கும்? இத்தனை மாமியாருக்கு அப்புறம் இந்தப் பூண்டுல என்ன மிச்சம் இருக்கும்?"

பள்ளியில் செல் பிரிதலின் நான்கு நிலைகளையும் படம் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அன்று எனக்குப் பதில் வரவில்லை. படம் வரைந்தேனே தவிர, உண்மையில் என்ன நடக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கண்ணால் பார்த்ததும் இல்லை. நான் படித்த பள்ளியில் மைக்ராஸ்கோப் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியே இருந்தது.

குழப்பத்துக்குக் காரணம் 'பிரிதல்' என்ற சொல்தான் என்று பிறகு புரிந்தது. நமக்குப் பிரிவினை என்றால் பாகப்பிரிவினை. நாலு ஏக்கரை அண்ணன் தம்பி பிரித்தால் ஆளுக்கு இரண்டு. செல் அப்படிப் பிரிவதில்லை. முதலில் பத்திரம் முழுவதையும் எழுத்துப் பிசகாமல் நகல் எடுக்கிறது. அதன் பிறகே பிரிகிறது. பூண்டுச் செல்லில் 16 குரோமோசோம்கள். நகல் எடுத்ததும் ஒவ்வொன்றும் இரட்டை இழையாகிறது. அவை செல்லின் நடுவே வரிசையாக நிற்கின்றன. மெல்லிய கதிர் இழைகள் ஒவ்வொரு இரட்டையையும் பிரித்து இரு முனைகளுக்கும் இழுக்கின்றன. இந்தப் பக்கம் 16, அந்தப் பக்கம் 16. நடுவில் சுவர் எழும்புகிறது. குறைந்தது ஒன்றுமில்லை. நகல் எடுப்பதில் எப்போதாவது பிழை நேர்வதுண்டு என்பதைத் தவிர, மாமியாரின் மாமியார் நட்ட பூண்டே இன்றும் அந்த வயலில் வளர்கிறது.

பாதியாகும் பிரிதலும் உண்டு. அது மகரந்தமும் சூல் முட்டையும் உருவாகும்போது நடப்பது. வட்டவடை மலைகளில் 2006இலும் 2018இலும் பூத்த நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை பூத்து, விதை கொடுத்துவிட்டு மடிகிறது. அந்த விதையில் தாய்ச் செடியிடமிருந்து பாதி, மகரந்தம் தந்த செடியிடமிருந்து பாதி. ஒரே ஊரில் இரண்டு பாடமும் இருக்கின்றன.

இது வெறும் பரீட்சை விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் தாயாருக்கு நிணநீர்க் கணுக்களில் புற்றுநோய் கண்டது. இங்குள்ள மருத்துவர் பொறுமையாகத்தான் விளக்கினார். மொழிபெயர்க்க அருகில் இருந்தது என் மகள். கட்டுப்பாடின்றிப் பிரியும் செல்கள், அவற்றைத் தடுக்கும் மருந்து, முடி ஏன் கொட்டும் என்பதெல்லாம் அவளுக்கு ஆங்கிலத்தில் புரிந்தது. பாட்டியிடம் சொல்லத் தமிழ் இல்லை. "மருந்து குடுப்பாங்க, முடி கொட்டும் பாட்டி" என்று முடித்துவிட்டாள். தனக்கு என்ன நடக்கிறது என்று தெரியாமலேயே என் தாயார் அந்த மாதங்களைக் கழித்தார்.

அவருக்குக் கொடுத்த மருந்துகளில் ஒன்றான வின்கிரிஸ்டின், நம் ஊர் வாசல்களில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது. மேலே சொன்ன கதிர் இழைகள் உருவாக விடாமல் தடுத்து, செல் பிரிவதை அது நிறுத்துகிறது. வேகமாகப் பிரியும் மயிர்க்கால் செல்களும் இத்தகைய மருந்துகளில் அடிபடுவதால்தான் முடி கொட்டுகிறது. இதை யாராவது தமிழில் சொல்லியிருந்தால் என் தாயாருக்கு ஐந்து நிமிடத்தில் விளங்கியிருக்கும். நித்தியகல்யாணியை அவருக்குத் தெரியாதா என்ன!

"பிள்ளைகள் பரீட்சை எழுதுவது ஆங்கிலத்தில், தமிழில் அறிவியல் எதற்கு?" என்று நம் சங்கக் கூட்டங்களிலேயே கேட்கிறார்கள். பரீட்சைக்கு வேண்டாம், வீட்டுக்கு வேண்டும் என்பதே என் பதில். தமிழகத்தார் 'செல்', 'குரோமோசோம்' என்பதை ஈழத்தார் 'கலம்', 'நிறமூர்த்தம்' என்கிறார்கள். எது சரி என்று சண்டை போடாமல் இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.

செலவும் அதிகமில்லை. ஊரிலிருந்து பூண்டைப் பெட்டியில் கொண்டுவர வேண்டாம், சுங்கத்தில் பிடித்துக்கொள்வார்கள்; கடைப் பூண்டே போதும். பல்லின் அடிப்பகுதி மட்டும் நீரைத் தொடும்படி சிறு குப்பியின் வாயில் வைத்தால் சில நாட்களில் வெள்ளை வேர் விடும். வேரின் நுனியில்தான் செல்கள் ஓயாமல் பிரிகின்றன. அதைப் பதப்படுத்திச் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கிப் பார்ப்பதை, அமிலம் கையாளும் வேலையாதலால், ஆசிரியர் மேற்பார்வையில் செய்ய வேண்டும். வெங்காய வேரை இப்படி ஆராய்ந்தவர்தான் சுவீடனின் ஆல்பர்ட் லெவான். மனித செல்லில் 48 அல்ல, 46 குரோமோசோம்களே என்று 1956இல் ஜோ ஹின் ஜியோவுடன் சேர்ந்து உலகுக்குச் சொன்னவரும் அவரே. தலச்சேரியில் பிறந்து, கோயம்புத்தூரில் கரும்பை ஆராய்ந்த ஜானகி அம்மாள், பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்த நூலை டார்லிங்டனுடன் 1945இல் வெளியிட்டார். நம் பெண்பிள்ளைகள் அறிய வேண்டிய பெயர் அது.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாச் செலவில் கொஞ்சம் குறைத்து, ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்கு ஒரு நல்ல மைக்ராஸ்கோப் வாங்குங்கள். நம்மிடையே ஆய்வகங்களில் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒரு மணி நேரம் தரட்டும். பெற்றோரும் பிள்ளைகளோடு வந்து உட்காரட்டும். முதல் ஞாயிறுக்குப் பூண்டு வாங்கி வேர் விட வைப்பது என் பொறுப்பு.