பெட்டிக்கு ஏன் எண்ணெய்க் குளியல்?

பழைய தோல் பெட்டிக்குப் பெரிய பகை கரையான் அல்ல. தீபாவளிக்கு முன்னால் நமக்கு வரும் சுத்த வெறிதான் என்பேன். படப்பையில் நான் பார்த்த வீடுகளிலெல்லாம் ஒரே வைத்தியம்: சவுக்காரம் போட்டுக் கழுவு, வெயிலில் காய வை, தேங்காயெண்ணெய் தேய். பெட்டி என்ன, சனிக்கிழமை முழுகும் பிள்ளையா?

நம் பக்கத்துப் பழைய தோலில் பெரும்பகுதி ஆவாரம்பட்டையில் பதனிட்டது. வெளிச்சத்தில் அது சிவக்கும் என்றுதான் கடுக்காய்ச் சாறும் ஏற்றினார்கள். அதை வெயிலில் வைப்பது எந்த நியாயம்? நனைந்து காய்ந்தால் விறைத்து வெடிக்கும். எண்ணெயோ சிக்குப் பிடித்துத் தூசியைச் சேர்க்கும். புத்தக அட்டைத் தோல் ஏன் மக்குகிறது என்று ஆராய்ந்த லண்டன் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் குழு, 1905-ஆம் ஆண்டு அறிக்கையில், பதனிடும் பட்டையையும் அமிலத்தையும் வெளிச்சத்தையுமே குற்றம் சொன்னது. சிவப்புப் பொடியாக உதிரத் தொடங்கிய தோலை எந்த எண்ணெயும் மீட்காது.

செய்ய வேண்டியது சொற்பம். மெல்லிய தூரிகையால் தூசி தட்டுங்கள். ஐப்பசி மழையில் பூசணம் பூத்தால், வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்து உலர்ந்த துணியால் துடையுங்கள். சுவரை ஒட்டாமல் பலகைமேல் வையுங்கள். கைப்பிடியை நம்பித் தூக்காதீர்கள். அடியில் கை கொடுங்கள்.

“புதுசு போல ஆகவில்லையே!” என்பீர்கள். பாட்டனார் பெட்டி எதற்கு ஐயா புதுசாக வேண்டும்? கயிறு அழுத்திய தழும்பும், ரயில் சீட்டு ஒட்டிய கறையும்தான் அதில் மிஞ்சியிருக்கும் பாட்டனார். அவரைத் தேய்த்து அழித்துவிட்டு, வெறும் தோலை யாருக்காகக் காப்பாற்றுகிறீர்கள்?